உமி அடைத்த ஸ்பீக்கர்

இப்போது வெளிநாட்டிலிருந்து லீவில் வருகிற பையன்கள் ஆளுயர ஸ்பீக்கர்களை அட்டைப் பெட்டியோடு காரிலிருந்து இறக்குகிறார்கள். தெருவே வாயைப் பிளந்து பார்க்கிறது. நான் பிளப்பதில்லை. தரையில் நிற்கிற ஸ்பீக்கரை நாஞ்சில் நாட்டில் முதன்முதலாக ஒரு வீட்டு ஹாலுக்குள் கொண்டுவந்து நிறுத்தியவன் நான். அதுவும் ஒன்றில்லை, இரண்டு. எங்கள் ஜில்லா மெட்றாசோடு சேர்வதற்கு முந்தின வருஷம் அது. மறுக்கிறவர் யாராவது இருந்தால் என்னிடம் அனுப்புங்கள்.

அந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க எனக்கு எட்டு நாள் ஆனது. அந்த எட்டு நாளும் நான் ஓரிடத்தில் உட்கார்ந்து முழுச் சாப்பாடு சாப்பிட்டதாக ஞாபகம் இல்லை. மில்லை வாங்கினபோதுகூட அப்படி அலைபாயவில்லை. அதைத்தான் எழுதப் போகிறேன்.

நான் மூன்றாம் கிளாஸ் வரை படித்தவன். கையெழுத்துப் போடுவேன், பத்திரிகை வாசிப்பேன், இதோ இந்த அளவுக்கு எழுதுவேன். மீதியெல்லாம் இஞ்சின் சொல்லிக் கொடுத்தது. கோட்டாற்றில் ஒரு நெல் மில்லில் இஞ்சின் துடைக்கப் போனவன் அந்த இஞ்சினுக்கே டிரைவர் ஆனேன். பிறகு அந்த மில்லுக்கே சொந்தக்காரன் ஆனேன். யாருடைய சிபாரிசும் கிடையாது. என் காது வாங்கிக் கொடுத்த மில் அது.

எண்ணெய் இஞ்சின் ஓடும்போது உள்ளே நடப்பதைக் கண்ணால் பார்க்க முடியாது, கேட்கத்தான் முடியும். முற்றின கமுகில் விரல் கனத்துக்கு ஒரு கோல் சீவி வைத்திருந்தேன். ஒரு நுனியை இஞ்சின்மேல் ஊன்றி மறு நுனியைக் காதோடு வைத்தால் பிஸ்டன் நடப்பது, வால்வு மூடுவது, பேரிங் உருளுவது எல்லாம் தனித்தனியாகக் கேட்கும். தக்கலை, மார்த்தாண்டம் வரைக்கும் மில்காரர்கள் வண்டி அனுப்பி என்னைக் கூட்டிப் போவார்கள். பழைய இஞ்சின் ஏதாவது விலைக்கு வந்தால், "அவரு கோல வச்சிப் பாத்துச் சொல்லட்டும், பொறவு பேசலாம்" என்பார்கள். ரோட்டில் நடந்து போகிறபோதே, "ஓய், உம்ம பேரிங்குக்கு எண்ண எறங்கல்லவோய்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போன ஆள் நான். உள்ளே திறந்து பார்த்தால் நான் சொன்னபடியே இருக்கும். 'இஞ்சின் காது' என்றே எனக்குப் பேர்.

அந்த வருஷம் புது வீடு கட்டிக் குடிபோனேன். ஹால் மட்டும் ஒரு சின்ன சபைக் கட்டடம் அளவு இருக்கும். என் மனைவி ஒரு கிறிஸ்தவ சபை உபதேசியாரின் மகள். அவள் பிறந்த வீட்டில் சோறு குறைந்த நாள் உண்டு, பாட்டுக் குறைந்த நாள் இல்லை. அவ்வளவு பெரிய ஹாலில் அவள் வேலை செய்துகொண்டே மெல்லப் பாடுவாள். நான் சொன்னேன், "நீ எதுக்குத் தொண்டய நோகடிக்க? பாட்டு கேக்கதுக்கு ஒரு சாமான் வாங்கிப் போடுகேன். டவுன்ல ஒருத்தன் வீட்டுலயும் இருக்கப்பிடாது, அந்த மாதிரி."

டவுனில் பெரிய வீடுகளில் மேசைமேல் வைக்கிற ரேடியோ இருந்தது. கல்யாண வீடுகளில் தென்னைமரத்தில் கட்டுகிற கோளாம்பி இருந்தது. பூ விரிந்த மாதிரி வாயுள்ள, பித்தளைக் குரலில் கத்துகிற அதேதான். எனக்கு இரண்டும் வேண்டாம். தரையில் நின்று பாட வேண்டும், ஆள் நிற்கிற மாதிரி.

கோட்டாறு கம்போளக் கடைத்தெருவில் கிராமபோன், சைக்கிள், காஸ்லைட் எல்லாம் விற்கிற சாயிபு ஒருவர் கடை வைத்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து நிற்பார். அவர்தான் கொழும்பிலிருந்து இரண்டு பெட்டிகள் வரவழைத்திருந்தார். ஒன்று நெட்டை: என் நெஞ்சு உயரம், ஒடுக்கமானது, உள்ளே பெரிய ஸ்பீக்கர் ஒன்றும் அதற்குமேல் சின்ன ஸ்பீக்கர் ஒன்றும். மற்றது அகலம்: இடுப்பு உயரம், அலமாரி மாதிரி கனம், உள்ளே சட்டிபோல் விரிந்த ஒரே பெரிய ஸ்பீக்கர், அடியில் கை நுழைகிற அளவுக்கு ஒரு துளை. நான் இரண்டையும் பலாச்சக்கையைத் தட்டுகிற மாதிரி விரல் முட்டியால் தட்டிப் பார்த்தேன். மரம் நல்ல மரம்.

சாயிபு ஒரு கிராமபோன் பிளேட்டை வைத்தார். வயலின், மிருதங்கம், கூட ஒரு ஆள் சின்ன ஜால்ராவில் தாளம் தட்டுகிற பாட்டு. முதலில் அகலப் பெட்டியில் ஓடியது. மிருதங்கம் என் வயிற்றில் வந்து விழுந்தது. கொள்ளாம், நல்ல சாமான் என்று நினைத்தேன். பிறகு கம்பியை மாற்றி நெட்டையில் ஓட விட்டார். அவர் முகம் விரிந்தது.

"கேட்டீளா மொதலாளி? அந்தத் தாளத்த மட்டும் கேளுங்கோ. சில்லு சில்லுன்னு மழத்துளி மாதிரில்லா விழுது! அதுல இது உண்டா?"

நான் கேட்டேன். ஒன்றும் விழவில்லை.

வயலின் கேட்டது, ஆனால் துணியால் மூடி வைத்ததுபோல. மிருதங்கம் கேட்டது. பாடுகிறவர் குரல் கேட்டது. தாளம் என்று ஒன்று அந்தப் பாட்டில் இல்லவே இல்லை. சாயிபு தலையை ஆட்டி ஆட்டி ரசிக்கிறார். கடையில் நின்ற இன்னொருத்தரும் விரலால் தாளம் போடுகிறார். நான் குனிந்தேன், சின்ன ஸ்பீக்கருக்கு நேரே காதை வைத்தேன். காற்றுகூட வரவில்லை.

ஆனால் நான் யார்? நிமிர்ந்து நின்று சொன்னேன்:

"சாயிபே, கடையில வச்சிக் கேட்டா ஒண்ணும் வெளங்காது. நான் இஞ்சினயும் மில்லுல எறக்கி ஓட்டிப் பாத்துதான் எடுப்பேன். ரெண்டயும் வீட்டுக்கு அனுப்பும். அடுத்த ஞாயித்துக்கெழம ஆராதன முடிஞ்சி வாரும். எது கொள்ளாம்னு என் காது சொல்லும்."

அதை நான் சத்தமாகத்தான் சொன்னேன். கடையில் இருந்தவர்கள், எதிர்க்கடையில் இருந்தவர்கள், எல்லாருக்கும் கேட்டது. சாயங்காலத்துக்குள் கோட்டாறு முழுக்கத் தெரிந்துவிட்டது: இஞ்சின் காது, ஸ்பீக்கர் தேர்ந்தெடுக்கிறார்.

மாட்டுவண்டியில் வைக்கோலுக்குள் படுத்து இரண்டு பெட்டியும், பிளேட் சுழற்றுகிற மிஷினும் வந்தன. ஹாலில் பக்கம் பக்கமாக நிறுத்தினேன். அன்றைக்கே சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தேன். முள் நகர்கிறது, டக் டக் இல்லை. சாவி எடுத்து முறுக்கினேன். மனைவி வந்து என் முன்னால் நின்று கேட்டாள், "எதுக்கு முறுக்குதீங்க? நேத்துதானே முறுக்கினீங்க."

"ஓடுதா?"

"ஓடுது."

ஸ்டூல் போட்டு ஏறி, கடிகாரத்தின் மரத்தில் காதை ஒட்ட வைத்தேன். அடியில் ஏதோ மெத்து மெத்து என்று இருந்தது. அது கடிகாரமா என் நாடியா என்று தெரியவில்லை. இறங்கினேன். முற்றத்துக்குப் போனேன். சிட்டுக்குருவிகள் வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. மறுபடி உள்ளே வந்தேன். அகலப் பெட்டியில் பிளேட்டைப் போட்டு அதன்மேல் உள்ளங்கையை வைத்தேன். கும், கும், கும். நல்ல இஞ்சின் மாதிரி. நெட்டையின்மேல் கையை வைத்தேன். ஒன்றும் சொல்லாமல் நின்றது.

தினமும் சாயங்காலம் ஆட்கள் வந்தார்கள். நான் ஒருவரையும் அழைக்கவில்லை; அப்படிப்பட்ட சாமான் அது. தவறாமல் வந்தவன் என் மச்சினன். மனைவியின் தம்பி, பள்ளிக்கூட வாத்தியார், எங்கள் சபைப் பாடகர் குழுவில் ஆர்மோனியம் வாசிக்கிறவன். வாய் சும்மா இருக்காது. அகலப் பெட்டி பாடும்போது சொல்வான்:

"அத்தான், இது பாட்டா, ஒரல்ல நெல்லு குத்துகதா?"

"லேய், கனம் வேணும். கனம் இல்லாத சத்தம் சத்தமா?"

"நெட்டயக் கேளுங்க அத்தான். பாடுகவன் மூச்சு வாங்குகதுகூடக் கேக்கு. அக்கா, நீ சொல்லு."

அக்கா சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு இருப்பாள். நான் ஹாலில் நடப்பேன். கதவு வரை, பெட்டி வரை, திரும்பக் கதவு வரை. நடக்கிறபோதுதான் அதைக் கண்டுபிடித்தேன். நெட்டை பாடும்போது அவள் வலதுகைச் சுட்டுவிரல் முழங்காலில் விழுகிறது. ஒரே அளவாக, துளி பிசகாமல். அகலம் பாடும்போது அந்த விரல் தேடுகிறது. இரண்டு தட்டுத் தட்டிவிட்டு நின்றுவிடுகிறது. தாளம் நெட்டையில்தான் இருக்கிறது என்று என் கண்ணுக்குத் தெரிந்தது. காதுக்குத் தெரியவில்லை.

புதன்கிழமை காலையில் மில்லுக்குப் போனேன். இஞ்சின் பக்கத்தில் நின்றபோது கொஞ்சம் ஆறுதல். டப் டப் டப் என்று நெஞ்சில் அடிக்கிறது. எல்லாம் கேட்கிறதே, எனக்கு என்ன குறை என்று நினைத்துக்கொண்டேன். அப்போது எங்கள் இஞ்சின் டிரைவர் பக்கத்தில் வந்தார். என்னைவிட மூத்தவர்.

"மொதலாளி, பேரிங்கு திங்கக்கெழமைலேந்து கீச்சு கீச்சுங்குது. நீங்க வந்து நிக்கீங்க, ஒண்ணும் சொல்லல்லியேன்னு நானும் பேசாம இருந்தேன்."

"எனக்குத் தெரியும் ஓய். நீரு எப்ப சொல்லுவீருன்னு பாத்தேன்."

அவர் மெச்சிக்கொண்டே போனார். நான் வெளியே வந்து உமிக் குவியலுக்குப் பக்கத்தில் நின்றேன். கோலை எடுத்துக்கொண்டு திரும்பப் போய், ஆள் இல்லாத நேரம் பார்த்து பேரிங்கில் ஊன்றிக் கேட்டேன். உருளுகிறது தெரிந்தது. கீச்சு இல்லை.

இருபத்தைந்து வருஷம் இஞ்சினோடு நின்றிருக்கிறேன். அது என் காதுக்குள் இருந்த மேல்சத்தத்தையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக அரைத்துத் தின்றிருக்கிறது. நெல்லைக் கொடுத்து அரிசி வாங்கின மாதிரி, காதைக் கொடுத்து மில் வாங்கியிருக்கிறேன். அது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. இது வெளியே தெரிந்தால் என்ன ஆகும்? என் பேச்சை நம்பி இஞ்சின் வாங்கினவர்கள் எத்தனை பேர்! இரண்டு வருஷமா, மூன்று வருஷமா, எத்தனை பேருக்குக் கீச்சு இருந்த இஞ்சினை நல்லது என்று சொன்னேனோ!

போதாக்குறைக்கு தக்கலையிலிருந்து ஒரு மில்காரர் ஆள் அனுப்பியிருந்தார். மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய இஞ்சினைப் பேசி வைத்திருக்கிறார். மாமனார் கொடுத்த வயலை விற்று வாங்குகிறாராம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் காரோடு வருவார், நான் போய்க் கோல் வைத்துச் சொன்னால் உடனே எடுத்துவிடுவார். நான் வழக்கம்போல வரச் சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்வது?

ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒன்று நடக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். நெட்டைப் பெட்டி நல்லது என்று சொல்லிவிடலாம், மனைவியின் விரல் சாட்சி இருக்கிறது. ஆனால் யாராவது 'எதனால நல்லது?' என்று கேட்டால் வாயைத் திறக்க முடியாது. எனக்குத் தெரிந்தது அகலப் பெட்டிதான். அதில் ஒரு குறை இருந்தது, அது என் உள்ளங்கைக்கே தெரிந்தது: கும் என்ற பிறகு ஒரு கூடுச் சத்தம், காலிக் குதிருக்குள் பேசினது மாதிரி. அந்தக் கூட்டை அடக்கிவிட்டால் அகலத்தை மிஞ்ச ஒன்றும் இருக்காது, நானும் எடுத்துச் சொல்லலாம். கூட்டை எதனால் அடக்குவது? நெல் மில்காரனுக்கு யோசிக்கவா வேண்டும்? ஐஸ் கட்டியையே உமிக்குள்தானே போட்டு வைக்கிறோம்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மனைவி பெண்கள் கூட்டத்துக்குச் சபைக்குப் போயிருந்தாள். மில்லிலிருந்து ஒரு சாக்கு உமியை நானே தோளில் சுமந்துகொண்டு வந்தேன். முதலாளி ஆன பிறகு மூட்டை தூக்கினது அன்றைக்குத்தான். பெட்டியின் பின்பலகையில் பத்துப் பன்னிரண்டு திருகு. கழற்றினேன். அடியில் உள்ள துளைக்கு உள்பக்கம் ஒரு துணியை அடைத்துவிட்டு உமியைக் கொட்டிக் கையால் இறுக்கினேன். சாக்கோடு வைத்திருக்கலாம். தோன்றவில்லை. எங்கள் மில் உமியில் கொஞ்சம் குருணையும் கிடக்கும், எல்லா மில்லிலும் உள்ளதுதான். பலகையை மூடித் திருகினேன். தரையைப் பெருக்கினேன். போட்டுக் கேட்டேன். உள்ளங்கையில் கூடு இல்லை. பூமி உருளுகிற மாதிரி ஒரே கும். எனக்கு அன்று ராத்திரி நல்ல தூக்கம்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வந்தார்கள். மச்சினன், சாயிபு, தெருவில் உள்ள ஐந்தாறு பேர். தக்கலை மில்காரர் காரை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்து, கதவுப் பக்கத்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். அவருக்குப் பாட்டில் கவனம் இல்லை, இஞ்சின்தான் மனதில். மனைவி காப்பித் தட்டோடு நின்றாள். நான் பெட்டிகளுக்கு நடுவில் நின்றுகொண்டேன்.

"மொதல்ல நெட்ட," என்றேன். ஓடியது. எல்லாரும் தலையாட்டினார்கள்.

"இப்ப அகலம். லேய் மக்கா, ஒரல்னு சொன்னேல்லா, இப்பக் கேளு. ஒரு வேல பாத்திருக்கேன்."

சத்தத்தை முழுக்கத் திறந்தேன். மிருதங்கம் விழுந்தது. கும்! என் காலுக்கடியில் தரை அதிர்ந்தது. நான் கையைக் கட்டிக்கொண்டு எல்லாருடைய முகத்தையும் பார்த்தேன். முகங்கள் எனக்கு விளங்கவில்லை. சாயிபு காதைப் பொத்துகிறார். மச்சினன் வாயைப் பொத்துகிறான். ஒருவர் எழுந்து பெட்டியைச் சுற்றிப் பார்க்கிறார்.

"எப்பிடி?" என்றேன். "இதுல்லா சத்தம்!"

அப்போது அடுத்த கும். துளையில் அடைத்த துணி கழன்று வெளியே வந்து விழுந்தது. அதற்குப் பின்னால் உமி. ஒவ்வொரு அடிக்கும் ஒரு வாய் உமி, முறத்தில் புடைக்கிற மாதிரி, ஹாலில் பறந்தது. காப்பித் தம்ளர்களில் விழுந்தது. சாயிபுவின் தொப்பியில் விழுந்தது. மச்சினன் தரையில் உட்கார்ந்தேவிட்டான்.

"அத்தான்! நெல்லு குத்துகதுன்னு நான் சும்மால்லா சொன்னேன்! மெய்யாவே குத்திட்டீங்களே! உள்ள குருண சலசலன்னு கெடந்து ஆடுது, ஆத்துல மீன் துள்ளுக மாதிரி, உங்களுக்குக் கேக்கல்லியா?"

கேட்கவில்லை. அந்த நொடி வரைக்கும் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஒரு கூட்டமே காதைப் பொத்துகிற சலசலப்பு, என் முன்னால், என் கையால் அடைத்து வைத்தது. எனக்குக் கும் மட்டும்தான்.

சிரிப்பு அடங்கவில்லை. தக்கலை மில்காரர் மட்டும் சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மனைவி தட்டைக் கீழே வைத்தாள். ஓடுகிற பிளேட்டை நிறுத்தினாள்.

"இவியளுக்கு வேற வேலயில்ல," என்றாள் என்னைக் காட்டி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "ஆருக்குக் காது உண்டு, ஆருக்கு இல்லன்னு பாக்கதுக்கு வெள்ளிக்கெழமயே உமிய அள்ளிப் போட்டு வச்சிருக்காவ. எல்லாரும் பாஸாயாச்சி. காப்பில உமி கெடக்கு, குடிக்காதீங்க, வேற போட்டுத் தாரேன்."

"அப்பிடிப் போடு!" என்றார் சாயிபு. "நான் பயந்தே போயிட்டேன் மொதலாளி."

நானும் சிரித்தேன். அந்த இடம் எனக்கு நன்றாகத் தெரிந்த இடம். நாலு நாளைக்கு முன்னால் மில்லில் டிரைவரிடம் இதே பாட்டைத்தான் பாடினேன். தக்கலைக்காரர் எழுந்தார். அவர் முகத்தில் இருந்த கேள்வி போய்விட்டது.

"அப்போ கெளம்புவமா வோய்? அங்க இஞ்சின ஸ்டார்ட்டாக்கி வச்சிருப்பான்."

"கோல எடுத்திட்டு வாறேன்," என்று உள்ளறைக்குப் போனேன்.

மனைவி பின்னால் வந்து கதவைச் சாத்தினாள். என் முன்னால் வந்து நின்றாள்.

"போவாதீங்க."

"உனக்கு எப்பலேந்து தெரியும்?"

"ரெண்டு வருஷமாச்சி. நான் அடுக்களையில இருந்து உங்களக் கூப்பிடுகதே இல்லியே. முன்னால வந்து நின்னுல்லா பேசுகேன். எதுக்குன்னு நெனச்சீங்க?"

உண்மையைச் சொன்னேன். "நான் மில் மொதலாளி ஆயிட்டேன்லா. அந்த மரியாதன்னு நெனச்சேன்."

அவள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும். பிறகு துடைத்துக்கொண்டு, "அந்த மனுசன் வயல வித்திருக்காரு" என்றாள்.

நான் அறைக்குள் நடந்தேன். கட்டில் வரை, ஜன்னல் வரை. போகவில்லை என்று சொன்னால் காரணம் கேட்பார். வயிற்றுவலி என்று சொல்லலாம். அடுத்த ஞாயிறு வருவார். அதற்கடுத்த இஞ்சினுக்கு வேறொருவர் வருவார். எத்தனை வயிற்றுவலி சொல்வது? கோலை எடுத்தேன். அப்போது அவள் விரலைப் பார்த்தேன். கதவுத் தாழ்ப்பாளின்மேல் இருந்தது. முழங்காலில் துளி பிசகாமல் விழுந்த அதே விரல்.

"செருப்ப மாட்டு," என்றேன். "நீயும் வா."

"எங்க?"

"இஞ்சின் கேக்க."

"பொம்பள போயி இஞ்சின் கொட்டாயில நிக்கவா? உங்களுக்குப் பைத்தியமா?"

"பாட்டுல தாளம் எங்க விழுதுன்னு உனக்குத் தெரியும்லா. இஞ்சின்லயும் தாளம்தான் உண்டும். மத்தத நான் பாத்துக்கிடுதேன்."

காரில் ஏறினோம்; தக்கலைக்காரர் முன்னால் கார் டிரைவர் பக்கத்தில், நாங்கள் பின்னால். மனைவி எதற்கு என்று தக்கலைக்காரர் கேட்கவில்லை, அவர் மரியாதைக்காரர். ஆனால் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தார். வில்லுக்குறி தாண்டினதும் எனக்குப் பொறுக்கவில்லை. ஓடுகிற காரில் எழுந்து நடக்க முடியாதே. அதனால் சொல்லிவிட்டேன்.

"ஓய், ஒண்ணு கேளும். எனக்கு மேல்சத்தம் போச்சி. கீச்சு, கிலுக்கு ஒண்ணும் கேக்காது. அந்த உமி பரிச்ச ஒண்ணும் இல்ல, எனக்கே கேக்கல்ல. இவளுக்குக் கேக்கும். இவ கேட்டுச் சொன்னா என்ன நோவுன்னு நான் சொல்லுவேன். வேண்டாம்னா வண்டியத் திருப்பச் சொல்லும்."

அவர் முழுக்கத் திரும்பி, நான் பார்க்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார்:

"காது வீட்டுக்குள்ளதானே இருக்கு வோய். வெளிய ஒண்ணும் போவல்லியே. வாரும்."

மார்த்தாண்டத்துக்கு அப்பால் ஒரு ஓலைக் கொட்டகையில் இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. விற்கிறவர் என் மனைவியைப் பார்த்து, "அம்மா அங்கன நெழலுல இருக்கட்டும்" என்றார். நான் கோலை அவள் கையில் கொடுத்து, ஊன்ற வேண்டிய இடத்தைக் காட்டினேன். நின்ற ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, கண்ணை மூடிக் காதை வைத்தாள். பாட்டுக் கேட்கிற அதே முகம்.

"ரெண்டு சத்தம் கேக்கு," என்றாள் என் பக்கம் திரும்பி. "பெருசு ஒண்ணு. அதுக்கு எடையில சின்னதா, ராத்திரி சீவிடு வண்டு கத்துன மாதிரி."

"அந்தச் சீவிடு எப்பப்போ?"

"வேகமா ஓடுதே, எண்ண முடியல்ல."

இஞ்சினை ஒரு தடவை நிறுத்தச் சொல்லி, பெரிய சக்கரத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு, மறுபடி ஓட விட்டேன். பிறகு இஞ்சினுக்குப் போகிற எண்ணெயை நிறுத்தச் சொன்னேன். "சக்கரம் ஓஞ்சி வரும்போ சீவிடு கத்துகப்போல்லாம் வெரலத் தட்டு" என்றேன். சக்கரம் மெல்ல மெல்ல அடங்கியது. ஒரு கண்ணால் அவள் விரலைப் பார்த்தேன், ஒரு கண்ணால் சுண்ணாம்புக் கோட்டைப் பார்த்தேன். சக்கரம் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை கத்தினால் அது வால்வுப் பக்கம், எண்ணெய் விட்டால் போதும். சுற்றுக்கு ஒரு தடவை கத்தினால் பேரிங்.

கோடு மேலே வந்தது, விரல் விழுந்தது. கோடு மேலே வந்தது, விரல் விழுந்தது. ஒரு சுற்றுகூடத் தப்பவில்லை.

"இது வேண்டாம் வோய்," என்றேன். "மெயின் பேரிங்கு."

விற்கிறவர் குதித்தார். "ஒரு பொம்பள காத வச்சா என் இஞ்சினத் தள்ளுகீரு?"

"அப்போ தொறந்து காட்டும்."

திறந்தார்கள். பேரிங் ஒரு பக்கம் தேய்ந்திருந்தது; அதன்மேல் கிரீஸை அப்பிச் சத்தத்தை அமுக்கி வைத்திருந்தார்கள். தக்கலைக்காரர் நேரே காரில் போய் ஏறினார். வழியில் எங்களுக்கு மார்த்தாண்டத்தில் சாயா வாங்கிக் கொடுத்தார். முதல் கிளாஸை என் மனைவிக்குத்தான் நீட்டினார்.

அதன்பிறகு பதினாறு வருஷம் நாங்கள் இரண்டு பேருமாகத்தான் இஞ்சின் கேட்கப் போனோம். முதலில் சிரித்தார்கள், பிறகு வண்டி அனுப்புகிறவர்களே 'அம்மையையும் கூட்டிட்டு வாங்க' என்று சொல்லி அனுப்பினார்கள். இந்த மாதிரி ஒரு புருஷன் பெண்டாட்டி சோடியை நீங்கள் வேறெங்கும் பார்த்திருக்க மாட்டீர்கள். முன்பு நான் நல்லது என்று சொன்ன இஞ்சின்களையும் ஒவ்வொன்றாகப் போய்த் திரும்பக் கேட்டோம். இரண்டில் கீச்சு இருந்தது. என் செலவில் பேரிங் மாற்றிக் கொடுத்தேன்.

அகலப் பெட்டியைச் சாயிபு தன் கடை வாசலில் கவிழ்த்துத் தட்டினார். கோழிகள் வந்து பொறுக்கின. பிறகு அது யார் வீட்டுக்குப் போனது என்று தெரியாது. நெட்டையை நான் எடுத்தேன்.

எதனால் நெட்டை என்று சாயிபு கேட்டார். என் மனைவியின் விரலுக்கு அதுதான் பிடித்திருக்கிறது என்றேன். அவருக்கு விளங்கவில்லை, சிரித்துவைத்தார்.

அந்தப் பெட்டி இன்றைக்கும் ஹாலில் நிற்கிறது. உள்ளே ஸ்பீக்கர் இரண்டு தடவை மாற்றியாயிற்று. சாயங்காலம் அவள் பிளேட்டை வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வாள். நான் உட்காருவதில்லை. எட்டு நாளில் பிடித்த அந்த நடை என்னை விடவில்லை. கதவு வரை போவேன், பெட்டி வரை வருவேன், அதன் தலையில் கையை வைப்பேன். அது எனக்கு ஒன்றும் சொல்லாது. பிறகு அவள் விரல் விழுகிறதா என்று பார்ப்பேன். கொஞ்சம் நின்றால் எனக்குப் பக்கென்று இருக்கும்.

"ஓடுதா?" என்பேன்.

கண்ணைத் திறந்து, முகத்தை எனக்கு நேரே திருப்பிக்கொண்டு சொல்வாள்: "ஓடுது. நீங்க நடந்து நடந்து எனக்குத் தல சுத்துது, இரிங்க."